சீசர் மீதான மனு

அந்தக் கவரைப் பார்க்காதீர்கள், டாக்டரம்மா. அது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது. சைக்கிளில் தொங்குகிறது, தொங்கட்டும். நீங்கள் உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் நொண்டி. இதில் உட்காருங்கள். டேய் கறுப்பா, நகரு. கால்நடை டாக்டர் வந்திருக்கிறார்கள், மரியாதை வேண்டாமா? அது ஒன்றும் செய்யாது அம்மா. யாருடைய நாயும் இல்லை, தெரு நாய். என் மனுவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மனுவை வாசித்தீர்களா? முழுவதும்? முதல் பக்கம் மட்டும். சரி. இந்தத் தேசத்தில் ஒரு மனுவை முழுதாக வாசிக்கிற ஒரே ஆள் அதை எழுதினவன்தான். கோவில்பட்டி கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். சிரஸ்தார் என்றால் யார் தெரியுமா? நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, நீதிபதிக்குத் தெரியாததையெல்லாம் தெரிந்துவைத்திருப்பவர். அதனால் வாய்மொழியாகவே சொல்லிவிடுகிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன்.

செண்பகம்! டாக்டரம்மாவுக்கு மோர் கொண்டு வா. மெதுவாக வா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வா.

என் மனைவி செண்பகவல்லி. இந்த வழக்கில் பாதிக்கப்பட்டவள் அவள்தான்.

போன சித்திரையில் ஆரம்பித்தது. வலது விலாவுக்குக் கீழே வலி. வாயு என்றாள். நானும் வாயு என்றேன். சுக்கு, பெருங்காயம், ஓமம், எல்லாம் ஆயிற்று. வாயு என்றால் நகரும் அல்லவா? இது நகரவில்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு பட்டா கேட்டது. கடைசியில் பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் நீர்க்கட்டி. ஒரு தென்னங்குரும்பை அளவுக்கு.

ஆபரேஷன் செய்த டாக்டர் ரொம்பப் பொறுமைசாலி. என்னுடைய கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல நாய் வளர்க்கிறீங்களா?" என்பது. "வளர்த்ததே இல்லை" என்றேன். சத்தியப் பிரமாணமாகச் சொன்னேன். இந்த வீட்டில் நாய்க்குச் சங்கிலி உண்டா? தட்டு உண்டா? கூண்டு உண்டா? நீங்களே சோதனை போட்டுப் பாருங்கள்.

உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் நான் சொல்கிறேன், ஏதாவது பிழை இருந்தால் திருத்துங்கள். நாயின் குடலில் ஒரு நாடாப்புழு இருக்கிறது. பேர்தான் நாடா, உருவம் அரிசிக் குருணை. அதன் முட்டை நாயின் மலத்தோடு வெளியே வந்து மண்ணில் கிடக்கும், கீரையில் ஒட்டும், நாயின் ரோமத்தில்கூட ஒட்டும். கண்ணுக்குத் தெரியாது. ஆடு அந்தப் புல்லை மேய்ந்தால் ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டி வரும். மனுஷன் வாய்க்குள் போனால் மனுஷனுக்கு நீர்க்கட்டி. கட்டி உள்ள ஆட்டுக் கழிவை ஒரு நாய் பச்சையாகத் தின்றால் அந்த நாய்க்கு மறுபடியும் புழு. வட்டம். சரிதானே? தலையாட்டுகிறீர்கள். பதிவு செய்துகொள்ளுங்கள்.

நான் கேட்டேன், "அப்படியானால் கறி தின்றதால் வந்ததா டாக்டர்?" அவர் சொன்னார், "இல்ல சார். அந்தக் கறியைத் தின்னு மனுஷனுக்கு வராது. நடுவுல ஒரு நாய் வேணும்."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஏனென்றால் கறி வாங்குகிறவன் நான். கறி விஷயத்தில் என்னை ஒருவன் குறை சொல்லிவிட முடியாது. சுடலை கறிக்கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள். நான் வருவதைப் பார்த்தாலே, "சிரஸ்தார் அண்ணாச்சி வாறாக, ஈரலை நல்லா வெளிச்சத்துல தூக்கிக் காட்டுங்கடே" என்பான். கிண்டல்தான். ஆனால் காட்டுவான். ஈரலில், நுரையீரலில் சில சமயம் நீர்க்கொப்புளம் இருக்கும், வெள்ளையாக, முட்டைக் கண்ணு மாதிரி. மற்றவர்கள் அதோடு சேர்த்துச் சமைத்துவிடுவார்கள். நான் விடமாட்டேன். இந்த வாசற்படியைத் தாண்டி ஒரு கொப்புளம் உள்ளே போனதில்லை. இதோ இந்த வாசலிலேயே உட்கார்ந்து, பிளேடால் சுற்றிலும் அறுத்து, தனியாக எடுத்துவிடுவேன்.

எடுத்து எங்கே போடுவேனா? இதென்ன கேள்வி? குப்பைத்தொட்டியில் போட்டால் நாறும். கறுப்பன் எதற்கு இருக்கிறான்? பிளேடை எடுத்ததுமே வந்து உட்கார்ந்துவிடுவான். இவனுக்கு முன்னால் இவனுடைய அம்மா கறுப்பி வருவாள். நான் ஓய்வு பெற்ற வருஷத்திலிருந்து நடக்கிற ஏற்பாடு. ஒரு துணுக்கு மிஞ்சாது. தெருவே சுத்தம்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். இன்னும் எதிரியைப் பற்றியே நான் பேசவில்லை.

எதிரி அடுத்த வீட்டில் இருக்கிறான். பெயர் சீசர். லேப்ரடார். வெண்ணெய் நிறம். எஜமானி ஞானசெல்வம் டீச்சர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை, தனிக்கட்டை. மகன் வெளிநாட்டுக்குப் போகும்போது அம்மாவுக்குத் துணையாக இந்த நாயை விட்டுவிட்டுப் போனான். சீசர் என்று பெயர் வைக்கிறவர்கள், அந்த ஆள் கடைசியில் என்ன ஆனான் என்று வாசித்திருக்க வேண்டாமா? சரி, அது அவர்கள் பாடு.

இந்தத் தெருவில் வளர்ப்பு நாய் என்று இருப்பது அது ஒன்றுதான். ஆஸ்பத்திரி டாக்டர் என்ன சொன்னார்? நடுவில் ஒரு நாய் வேண்டும் என்றார். அப்படியானால் யார்? ஒரே ஒரு நாய் இருக்கிற தெருவில் குற்றவாளியைத் தேட ஜோசியனிடமா போக வேண்டும்?

நான் நேராகப் போய் டீச்சரிடம் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். அந்த அம்மா சிரித்தார்கள். "அண்ணாச்சி, எங்க சீசரு தயிர்ச்சோறு திங்கிற நாயி. பச்சைக் கறியை மோந்துகூடப் பார்க்காது. புழு மாத்திரை, ஊசி எல்லாம் தேதி தவறாமப் போடுதேன். நான் போடுற பிரஷர் மாத்திரைதான் தவறிப் போகுது" என்றார்கள். தயிர்ச்சோறாம்! தயிர்ச்சோறு தின்கிறவர்கள் செய்த குற்றங்களை நான் கோர்ட்டில் எத்தனை பார்த்திருக்கிறேன்!

இன்னொன்றும் சொன்னார்கள். அவ்வளவு பெரிய கட்டி வளரப் பல வருஷம் ஆகுமாம், சீசர் வந்தே இரண்டு வருஷம்தானாம். ஆஸ்பத்திரி டாக்டரும் அப்படித்தான் சொன்னார், மறைக்கவில்லை. நீங்களும் அதையே சொல்லப்போகிறீர்கள், உங்கள் முகத்திலேயே தெரிகிறது. அது எதிர்த்தரப்பு வாதம். சில கட்டி சீக்கிரம் வளரலாம் அல்லவா? என் மைத்துனன் மகன் ஒரே வருஷத்தில் அவன் அப்பாவை மிஞ்சி வளர்ந்தான்.

மோர் குடியுங்கள். செண்பகம், நீ ஏன் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய்? உட்கார். இல்லை, நிற்கிறாளாம். நிற்கட்டும்.

இப்போது கேளுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இந்த வீட்டில் நடக்கிறவைதான் எனக்குச் சந்தேகம். முதலில் எதிரி பக்கம் மட்டும்தான் சந்தேகம் இருந்தது. பிறகு என் பக்கத்துச் சாட்சியே பிறழ்சாட்சி ஆகிவிட்டதோ என்று தோன்ற ஆரம்பித்தது.

வந்த மறுநாள் என்ன செய்தாள் தெரியுமா? கொல்லையில் இவள் ஒரு கொத்தமல்லிப் பாத்தி வைத்திருந்தாள். புதினாவும் உண்டு. தினமும் கிள்ளி வந்து பச்சையாகவே துவையல் அரைப்பாள், அவளுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. எனக்குக் கொத்தமல்லி வாடை ஆகாது, தொடமாட்டேன். கறுப்பனுக்கோ அந்தப் பாத்தி என்றால் உயிர். ஈர மண் அல்லவா, குளிர்ச்சியாக இருக்கும். வெயில் நேரத்தில் அங்கேதான் படுப்பான், அங்கேதான் மற்றதெல்லாம். அப்படிப்பட்ட பாத்தியை ஆள் வைத்துக் கொத்தி, மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டு, தகரம் அடித்து மறைத்துவிட்டாள். தையல் பிரிக்கவில்லை, அதற்குள் இந்த வேலை. ஏன் என்று கேட்டால், "சும்மாத்தான். தொட்டியில வச்சுக்கிடலாம்னு" என்கிறாள்.

அடுத்தது, கறி கூடாது என்றாள். "ஆபரேஷனுக்குப் பிறகு கறி வாடையே குமட்டுதுங்க. இனி நம்ம வீட்டுல கறி வேண்டாம். நீங்களும் கடைக்குப் போகாதீக." சரி என்றேன். நோயாளி சொல்லைத் தட்டக்கூடாது. நான் கறி தின்று மாதக்கணக்காகிறது, அம்மா. ஆனால் கறுப்பன் என்ன பாவம் செய்தான்? வாயில்லா ஜீவன், ஞாயிறும் புதனும் தெருமுனையில் வந்து நின்றுகொண்டு என் சைக்கிளையே பார்க்கிறான். அதனால் கறி வாங்குவதில்லை. சுடலை கழித்துப் போடுகிற துண்டுகளை மட்டும், நுரையீரல், கொப்புளம் அப்படி இப்படி என்று, கவரில் போட்டுத் தரச் சொல்கிறேன். வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. அவளுக்கும் தெரியாது.

மெதுவாகப் பேசவா? அவள் கேட்டுவிட்டாளா? சரி, கேட்டால் கேட்கட்டும். கவர் சம்பந்தமில்லாதது என்று முதலிலேயே சொன்னேனே.

முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த இரண்டு பெண்களும் குசுகுசுவென்று பேசுகிறார்கள். இந்தக் கட்டிக்குக் காரணமான நாய்க்குச் சொந்தக்காரியும், அந்தக் கட்டியைச் சுமந்தவளும்! கொல்லைக் கதவில் நின்று பேசுகிறார்கள், நான் போனால் நிறுத்திவிடுகிறார்கள். ஒரு நாள் டீச்சர் சொன்னது காதில் விழுந்தது: "அவுககிட்ட சொல்லிருங்க மதினி. எத்தனை நாளைக்கு என் பிள்ளை பழியைச் சுமக்கும்?" பிள்ளை என்றால் சீசர். இவள் சொன்னாள்: "சொன்னா தாங்க மாட்டாக டீச்சர். சின்னப்பிள்ளை மாதிரி அவுக." யாரைப் பற்றி? எதைத் தாங்கமாட்டார்கள்? குறுக்கு விசாரணை செய்தேன். டீச்சர் சீசருக்குச் சோறு வைக்கப் போய்விட்டார்கள், இவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகுதான் நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டேன். உளவு என்று சொல்லாதீர்கள். கவனிப்பு. கவனித்ததில் என்ன கண்டேன்? போன வாரம், பட்டப்பகலில், டீச்சர் கறுப்பனைக் கூப்பிட்டு இட்லி வைக்கிறார்கள். அவனும் தின்கிறான், நடுவில் எதையோ துப்புகிறான். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். மாத்திரை! இட்லிக்குள் மாத்திரை!

இதோ. உறையில் போட்டுச் சான்றுப் பொருள் ஒன்று என்று எழுதி வைத்திருக்கிறேன். எச்சில் காய்ந்துவிட்டது, தொட்டுப் பார்க்கலாம். விஷம்தானே? தன் நாயின் குற்றத்துக்கு மாற்றாக இந்த அநாதையைக் காட்டிவிட்டு, அதையும் தீர்த்துவிடுகிற திட்டம். நான் அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. மறுநாள்தான் உங்கள் ஆபீசில் மனுக் கொடுத்தேன். சீசரை இந்தத் தெருவை விட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்று. டீச்சருக்கும் ஒரு நகல். பாவம், அழுதார்களாம். நாசரேத்தில் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார்களாம். அனுப்பட்டும்.

என்ன? புழு மாத்திரையா? நன்றாகப் பாருங்கள். உங்கள் பையிலும் அதேதான் இருக்கிறதா? அட்டையைக் காட்டுங்கள். ம். எழுத்தும் அதே எழுத்துத்தான். சரி, உள்ளடக்கத்தில் விஷம் இல்லை. நோக்கத்தில்? அடுத்த வீட்டு டீச்சர் எதற்காகத் தெரு நாய்க்குப் புழு மாத்திரை கொடுக்க வேண்டும்? யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

அவளா? செண்பகமா? நீயா வாங்கிக் கொடுக்கச் சொன்னாய்?

பார்த்தீர்களா டாக்டரம்மா. பிறழ்சாட்சி.

சரி, நீங்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். சொல்லுங்கள். அவளைப் பார்க்காதீர்கள், என்னைப் பார்த்துச் சொல்லுங்கள். செண்பகம், நீ எதற்கு அவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாய்? 'வேண்டாம்' என்கிற மாதிரி ஆட்டுகிறாய்? கையையும் கூப்புகிறாய்? என்ன நடக்கிறது இங்கே?

நான் சொல்கிறேன் என்ன நடக்கிறது என்று. இவள் பயப்படுகிறாள். எதற்குத் தெரியுமா? வெள்ளிக்கிழமைக்கு. வருகிற வெள்ளிக்கிழமை நான் காளி கோயிலுக்குப் போகப்போகிறேன். காசு வெட்டிப் போடுவதற்கு. உங்கள் ஊரில் உண்டா? நமக்குத் தீங்கு செய்தவனைக் கோர்ட்டு விட்டுவிட்டால், அந்தக் கோயிலுக்குப் போய், ஈரத்துணியோடு நின்று, உளியால் ஒரு காசை இரண்டாக வெட்டி அம்மன் முன்னால் போட வேண்டும். தீங்கு செய்தவன் அந்தக் காசு மாதிரி ஆகிவிடுவான். நான் கோர்ட்டில் உட்கார்ந்திருந்தவன், இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் நடைமுறை எனக்குப் பிடித்திருக்கிறது. எதிரியின் பேரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 'இவளுக்கு இந்தக் கேட்டைச் செய்தவர் யாரோ அவர்' என்றால் போதும். தெய்வத்துக்கு விலாசம் தெரியும்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றபோது அப்படித்தான் நேர்ந்துகொண்டேன். கட்டி உடைந்தால் ஆபத்து, கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். முப்பது வருஷம் மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கினவன், அன்றைக்கு என் பெயரில் எத்தனை எழுத்து என்று மறந்து நின்றேன். அவளைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோகிறார்கள். நான் சத்தமாகவே சொன்னேன்: "உனக்கு இதைச் செய்தவன் யாராக இருந்தாலும் அவன் உருப்பட மாட்டான், செண்பகம். நான் விடமாட்டேன்." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படிச் சொல்லாதீக, வாயைக் கழுவுங்க" என்றாள். அப்போதிருந்து இதே பாட்டுத்தான். காசு வெட்டப் போகக்கூடாது, என் மேல் சத்தியம், தாலி மேல் சத்தியம். நான் எடுத்துவைத்திருந்த பழைய செப்புக் காசைக்கூட ஒளித்துவிட்டாள். வேறு காசா கிடைக்காது?

என்ன சொல்கிறாய்? சத்தமாகச் சொல். டாக்டரம்மாவும் கேட்கட்டும்.

"பட்டது நானா நீங்களா?"

நீதான்.

"அப்ப மன்னிக்கிறதும் நான்தான். நான் மன்னிச்சாச்சு. ஆஸ்பத்திரியிலயே மன்னிச்சாச்சு. செஞ்சவுகளுக்குச் செஞ்சது தெரியாது. தெரிஞ்சிருந்தா உசிரைக் கொடுத்தாவது தடுத்திருப்பாக. அவுக மேல காசு வெட்டுனீகன்னா, அது என் தலையிலதான் விழும். போதுமா?"

அழுகிறாள். சரி, சரி. அழாதே, தையல் போட்ட இடம் இழுக்கும். டாக்டரம்மா, நீங்கள் ஏன் கண்ணாடியைத் துடைக்கிறீர்கள்?

சட்டப்படி பார்த்தால் இவள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. சமரசத்துக்கு உட்பட்ட குற்றம் என்று ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவர் போதும் என்றால் கோர்ட்டும் போதும் என்று வழக்குக் கட்டை மூடிவிட வேண்டியதுதான். டீச்சர் செய்ததை இவள் மன்னிக்கிறாள் என்றால் நான் யார் நடுவில்? ஆகட்டும். வெள்ளிக்கிழமை போகவில்லை. சீசரும் இருந்துவிட்டுப் போகட்டும். மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை: அந்த நாயின் மேல் எனக்குள்ள சந்தேகம் நிலுவையில் இருக்கும்.

இன்னும் என்ன? கறுப்பனுக்கு மாத்திரை கொடுக்க வேண்டுமா? இப்போதேவா? டீச்சர் கொடுத்தால் துப்புகிறான், நீங்கள் கொடுத்தாலும் துப்புவான். தெரியாத கை. என்னிடம் கொடுங்கள். இருங்கள், கவரில் ஒரு துண்டு எடுத்து அதற்குள் வைத்து...

வேண்டாமா? ஏன் அப்படிக் கத்துகிறீர்கள்? கவரை எங்கே எடுத்துக்கொண்டு போகிறீர்கள்? சான்றுப் பொருளா அது? குழி தோண்டி ஆழமாகப் புதைக்க வேண்டுமா? சரி, புதைத்துவிடலாம். இனிமேல் வேகவைத்ததுதான் போட வேண்டுமா? பச்சையாக ஒரு துணுக்குக்கூடக் கூடாதா? மூன்று மாசத்துக்கு ஒரு தடவை இந்த மாத்திரையா? சரி அம்மா. இவ்வளவு கோபமாகச் சொல்ல வேண்டுமா? இட்லியே போதும். செண்பகம், ஓர் இட்லி.

கறுப்பா, வாடா. பார்த்தீர்களா, எப்படி வருகிறான். ஆ காட்டு. போச்சு, உள்ளே போச்சு. என்னமோ மூன்று பேர் இவ்வளவு பாடுபட்டீர்கள்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்த காரியம். என் கையால் எதைக் கொடுத்தாலும் தின்பான் அம்மா. இத்தனை வருஷத்தில் நான் போட்ட ஒன்றையும் இவன் வேண்டாம் என்று சொன்னதே கிடையாது. இவன் அம்மாவும் அப்படித்தான்.

என்ன செண்பகம்? கையா? கையைக் கழுவத்தான் போகிறேன். சோப்புப் போட்டா? இரண்டு தடவையா?

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக இப்படித்தான், டாக்டரம்மா. வாசலில் சோப்பை வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஊரில் இத்தனை பேர் இருக்க, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் ஓர் ஈரலை வீட்டுக்குள் விடாத என்னைப் போய்ச் சந்தேகப்படுகிறாள்.